பழைய பிக்கப்புக்கு இன்ஜின் மாற்றம்: டோனர் வண்டி பார்த்து வாங்குவது எப்படி

டாடா 207, டாடா மொபைல் 206, மஹிந்திரா கேம்பர், ஃபோர்ஸ் ட்ராக்ஸ் போன்ற பழைய பிக்கப்புகளில் சேஸிஸ் கெட்டியாக இருக்கும், தொட்டி நன்றாக இருக்கும், இன்ஜின் மட்டும் கைவிட்டிருக்கும். பெங்களூரில் இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர் நேராகப் போய் நிற்கும் இடம் சிவாஜி நகர் பழைய சாமான் கடைகள், இல்லையென்றால் கலாசிப்பாளையம். போன இன்ஜினுக்குப் பதிலாக அதே இன்ஜின் வாங்க அது சரியான இடம்தான். கொஞ்சமாவது மாறுபட்ட இன்ஜின் ஏற்றப் போகிறீர்கள் என்றால், தரையில் கிடக்கும் இன்ஜினை வாங்காதீர்கள். ஓடுகிற முழு வண்டியாக வாங்குங்கள். இப்படி இன்ஜினையும் பாகங்களையும் எடுப்பதற்காக வாங்கும் வண்டிதான் டோனர்.

இன்ஜின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். அதோடு கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச் செட், மவுண்டிங் பிராக்கெட்டுகள், ரேடியேட்டர், ஹோஸ்கள், ஏர் ஃபில்டர் பெட்டி, சைலன்சரின் முன் பைப், டீசல் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், அதன் முதுகில் இருக்கும் வாக்வம் பம்ப், பவர் ஸ்டியரிங் பம்ப், வயரிங் எல்லாம் வேண்டும். இவற்றைக் கடை கடையாகத் தேடி வாங்கினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடத்து மாடலாக வந்து சேரும். ஃப்ளைவீல் பல் ஸ்டார்ட்டருக்குப் பொருந்தாது, கிளட்ச் பிளேட் ஸ்ப்ளைன் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஏறாது. முழு வண்டியில் இவையெல்லாம் ஏற்கெனவே ஒன்றோடொன்று பொருந்தி ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைவிட முக்கியம், ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் ஆர்.சி.யை எடுங்கள்

டோனர் தேடுவதற்கு முன் சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் தந்த அசல் விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் வழியே இல்லையா? அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை மாற்றி, புதிய இன்ஜின் நம்பரை ஆர்டிஓ ஒப்புதலோடு ஆர்.சி.யில் ஏற்றுவது நடக்கிற காரியம். ஆகவே தேட வேண்டிய எல்லை இதுதான்: உங்கள் பிக்கப் மாடலுக்கே கம்பெனி பொருத்தி விற்ற இன்ஜின்கள். அதற்கு வெளியே ஒரு அடி வைத்தாலும், சிசி மாறினாலும், உங்கள் ஆர்டிஓவில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். கோரமங்களாவோ (கேஏ-01) இந்திரா நகரோ (கேஏ-03) ஜெயநகரோ (கேஏ-05), வண்டி எந்த அலுவலகத்தில் பதிவோ அங்கே. வாசலில் நிற்கும் ஏஜென்ட் “ஆயிடும் சார்” என்பது பதில் இல்லை. தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டப் போகிறேன் என்று வேறு கம்பெனி இன்ஜினை ஏற்றுபவர்கள் உண்டு. அந்த வண்டி ஒரு நாள் ரோட்டில் ஏறி விபத்தானால், ஆர்.சி.யில் இல்லாத இன்ஜினைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும்.

மஞ்சள் போர்டு வண்டிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். இன்ஜின் நம்பர் பொருந்தாத வண்டி அந்த வரிசையில் மாட்டிக்கொள்ளும். எஃப்.சி. தேதிக்குக் குறைந்தது மூன்று மாதம் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள்.

சிசி எண்ணே குடும்பத்தைச் சொல்லிவிடும்

விற்பவர் “டூ பாயிண்ட் ஃபைவ் இன்ஜின்” என்பார். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் சிசியைப் பாருங்கள்.

மஹிந்திராவில் 2498 என்று இருந்தால் அது பெஜோ வழி வந்த எக்ஸ்டி3பி, மறைமுக இன்ஜெக்‌ஷன் கொண்டது. 2523 என்றால் டிஐ, அதாவது நேரடி இன்ஜெக்‌ஷன். இரண்டுமே கடையில் “2.5 மஹிந்திரா”தான். உள்ளே ஹெட், பம்ப், நாஸில் எல்லாம் வேறு. 2112 என்றால் அதற்கும் பழைய பெஜோ எக்ஸ்டிபி. அதைத் தேடி வாங்குவதில் அர்த்தமில்லை. ஸ்கார்பியோவின் 2609, எம்ஹாக் 2179 இரண்டும் வேறு குடும்பம். பொலேரோ, கேம்பர், பிக்கப் மூன்றிலும் ஓடியது 2523 டிஐ என்பதால், பழைய மஹிந்திரா பிக்கப்புக்கு டோனராக அடிபட்ட பொலேரோவைவிட வசதியானது எதுவும் கிடைக்காது.

டாடாவில் இன்ஜின் பெயரே அளவு. 483 என்றால் நாலு சிலிண்டர், 83 மி.மீ. போர், 1948 சிசி. 206-லும் பழைய சுமோவிலும் இருந்தது இது. 497 என்றால் நாலு சிலிண்டர், 97 மி.மீ. போர், 2956 சிசி. 207 டிஐ, 407, சுமோ விக்டா, சுமோ கோல்டு என்று பல வண்டிகளில் பல வடிவத்தில் வந்தது. டர்போ இல்லாதது, டர்போ மட்டும் உள்ளது, டர்போவும் இன்டர்கூலரும் உள்ளது, காமன் ரயில் (டீசலை எலக்ட்ரானிக்காகப் பாய்ச்சும் வகை) என்று இதில் பல வகை. பிளாக் ஒரே மாதிரி தெரியும். ஆனால் சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வடிவம், மவுண்டிங் இடம், டர்போ நிற்கும் மூலை வண்டிக்கு வண்டி மாறும். 207-க்கு 407 இன்ஜின் “அப்படியே உட்காரும்” என்று யாராவது சொன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபோர்ஸ் ட்ராக்ஸின் 2399 சிசி மெர்சிடிஸ் ஓஎம்616 வழி வந்தது. அதற்கு இன்னொரு ட்ராக்ஸ், க்ரூஸர், டூஃபான் என்று வீட்டுக்குள்ளேயே டோனர் கிடைக்கும். குவாலிஸின் 2446 சிசி இன்ஜினை மற்ற வண்டிகளில் ஏற்ற ஆசைப்படுபவர்கள் அதிகம். அருமையான இன்ஜின்தான், ஆனால் மஹிந்திராவிலோ டாடாவிலோ ஏற்றினால் மேலே சொன்ன சட்ட எல்லையைத் தாண்டிவிடுவீர்கள்.

கார் இன்ஜின்களை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். முன்சக்கர இழுவைக் காரில் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும். அதை நீளவாட்டில் திருப்பி நிறுத்த பெல் ஹவுசிங்கிலிருந்து எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டு இன்ஜின்

2010 ஏப்ரலில் பிஎஸ்-4 மாசு விதி பெங்களூரும் சென்னையும் உட்பட 13 நகரங்களுக்கு மட்டும் வந்தது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஏழு வருடங்களில் பெங்களூரில் பதிவான பொலேரோ காமன் ரயிலாகவும், ஓசூரில் (டிஎன்-70) பதிவான அதே வருடத்து பொலேரோ பழைய மெக்கானிக்கல் பம்ப் டிஐயாகவும் இருக்கலாம். இரண்டும் 2523 சிசி. போட்டோவைப் பார்த்து முன்பணம் அனுப்பினால் இங்கேதான் ஏமாறுவீர்கள். வாகன் (அரசின் வாகனப் பதிவுத் தளம்) பதிவில் மாசு விதி என்ன என்று இருக்கிறதோ அதைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஹெட் பக்கம் ஒரு தடித்த ரயில் குழாயும், ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் வயர் சாக்கெட்டும் இருந்தால் காமன் ரயில்.

எதை எடுப்பது? உங்கள் பிக்கப் மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால் மெக்கானிக்கல் பம்ப் டோனரையே எடுங்கள். இதில் ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். மெக்கானிக்கல் பம்புக்கு வேண்டியது டீசல், காற்று, பம்பை நிறுத்தும் சொலினாய்டுக்கு ஒரு வயர், அவ்வளவுதான். காமன் ரயில் என்றால் ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி), அதற்கே பழக்கப்பட்ட சாவி, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டி, எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் பெடல், கிராங்க்-கேம் சென்சர்கள், முழு வயரிங், சில வண்டிகளில் மீட்டர் போர்டும்கூட ஒன்றாக வர வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஆகி உடனே நின்றுவிடும். பழைய சாமான் கடைகளில் இன்ஜினை இறக்கும்போது வயரிங்கை நேரம் மிச்சம் பிடிக்க நடுவில் வெட்டிவிடுவார்கள்; அந்த ஒரு வெட்டுக்கு அப்புறம் எலக்ட்ரீஷியனுக்கு வாரக் கணக்கில் வேலை. பிஎஸ்-6 (2020 ஏப்ரலுக்குப் பின்) வண்டியில் சைலன்சருக்குள்ளும் சென்சர்கள் குவிந்திருக்கும். டோனர் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

டர்போ உள்ள டிஐயா, இல்லாததா என்பதில் மட்டும் பெங்களூருக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்று காற்றடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின் இங்கே பத்து சதவீதம் அளவுக்கு வலு இழக்கும், டீசல் அளவு மாறாததால் புகையும் கூடும். டர்போ அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். உங்கள் மாடலுக்கு இரண்டும் கம்பெனியிலேயே வந்திருந்தால் டர்போவை எடுங்கள், ஆயில் வரும்-போகும் குழாய்கள் சேர்த்து.

அளவு எடுக்கும் வேலை

டோனரைப் பார்க்கப் போகும் முன் உங்கள் வண்டியின் இன்ஜின் அறையை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரேடியேட்டரின் பின்முகத்திலிருந்து ஃபயர்வால் வரை நீளம். இரண்டு சேஸிஸ் கட்டைகளுக்கு இடையே உள்ளகலம். கிராஸ் மெம்பரிலிருந்து பானெட் அடிப்பக்கம் வரை உயரம். பெல் ஹவுசிங் முகத்திலிருந்து கியர் லிவர் வரை, கியர்பாக்ஸ் மவுண்டிங் வரை, கியர்பாக்ஸ் வால் வரை மூன்று நீளங்கள். டோனரிலும் இதே அளவுகளை எடுங்கள். இன்ஜின் இறக்காமலேயே இவ்வளவும் எடுக்கலாம்.

பெரும்பாலான திட்டங்கள் சம்பில்தான் முட்டிக்கொள்ளும். சம்பின் ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா, பின்னாலா? இலைப்பட்டை ஸ்பிரிங்கும் ஒரே துண்டு முன் ஆக்சிலும் உள்ள வண்டியில் ஆக்சில் மேலே ஏறி இறங்கும். குழியில் விழும்போது அது சம்பைத் தொட்டால் அலுமினியம் என்றால் உடையும், தகரம் என்றால் நசுங்கி ஆயில் பிக்கப் குழாயை அடைக்கும். பம்ப் ஸ்டாப் ரப்பர் முழுக்க அமுங்கிய நிலையிலும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் டிஃபரன்ஷியல் குடமும் கணக்கில் வரும். சம்பை வெட்டி வெல்டு செய்து மாற்றலாம். அப்போது பிக்கப் குழாயையும் சேர்த்து மாற்ற வேண்டும், மேட்டில் ஏறும்போது குழாய் வாய் ஆயிலுக்கு மேலே நிற்கக்கூடாது. அதைவிட உங்கள் பழைய இன்ஜினின் சம்பே டோனர் பிளாக்கில் ஏறுமா என்று போல்ட் துளைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே குடும்ப இன்ஜின் எடுப்பதில் உள்ள லாபங்களில் இது ஒன்று.

அடுத்தது டர்போ பக்கம். நம் வண்டிகளில் ஸ்டியரிங் பாக்ஸ் வலது பக்கம். மேனிஃபோல்டும் டர்போவும் அதே பக்கம் வந்தால் ஸ்டியரிங் ஷாஃப்டோடு சண்டை. பிரேக் பைப், டீசல் ஹோஸ், வயரிங் மூன்றும் டர்போவிலிருந்து குறைந்தது 50 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், அது முடியாத இடத்தில் தகர மறைப்பு கட்டாயம். ரப்பர் மவுண்டிங்கில் இன்ஜின் அசையும் என்பதால் மற்ற எல்லாப் பக்கமும் 20 மி.மீ., ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 25 மி.மீ. விடுங்கள். இதெல்லாம் தலையில் ஓடவில்லை என்றால் தெர்மகோலில் டோனர் இன்ஜின் அளவுக்கு ஒரு பெட்டி வெட்டி உங்கள் வண்டிக்குள் இறக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலை, எல்லாம் தெரிந்துவிடும்.

எடையை ஊகிக்க வேண்டாம். எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். டோனருக்கும் அதேபோல். டோனர் இன்ஜினும் கியர்பாக்ஸும் உங்களுடையதைவிட மிகக் கனமாக இருந்தால் முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்க்க வேண்டிவரும், பிரேக்கையும் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸும் பின் ஹவுசிங்கும்

டோனர் கியர்பாக்ஸோடு இன்ஜினை எடுப்பது ஒரு வழி. டோனர் இன்ஜினை உங்கள் பழைய கியர்பாக்ஸில் மாட்ட அடாப்டர் பிளேட் செய்வது இன்னொரு வழி. பீன்யாவில் அடாப்டர் பிளேட் வெட்டிக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மையமும் 0.1 மி.மீ.க்குள் ஒன்றாக நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் “கண்ணுக்குச் சரியா இருக்கு” என்று மூடிவிட்டால் பைலட் பேரிங் முதலில் கத்தும், பிறகு கியர்பாக்ஸ் முன் பேரிங், கடைசியில் கிளட்ச் பிளேட்டின் நடுத்துண்டு கிழியும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர் டோனர் கியர்பாக்ஸையே எடுத்துவிடுவது நல்லது. அதில் ஸ்பீடோ மீட்டர் கேபிள் வகையா, சென்சர் வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங்குக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்டை நீளம் மாற்றினால் கண்டிப்பாக பேலன்ஸ் செய்ய வேண்டும்.

பின் ஹவுசிங் ரேஷியோ, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஜாயிண்ட் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, பலர் மறந்துவிடுவது. டோனரில் கண்டுபிடிக்க: கியரை நியூட்ரலில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தைத் தரையில் அசையாமல் விட்டு, மற்றதை ஜாக்கியில் தூக்கி சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஜாயிண்ட் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியதோ அதுதான் ரேஷியோ. நாலும் கால்வாசிக்குக் கொஞ்சம் அதிகமும் சுற்றினால் 4.3.

பிறகு கணக்கு. டயரின் சுற்றளவு 2.1 மீட்டர், வேகம் மணிக்கு 80 கி.மீ. என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1333 மீட்டர், அதாவது சக்கரம் 635 சுற்று. ரேஷியோ 4.3, டாப் கியர் 1-க்கு-1 என்றால் இன்ஜின் 2730 சுற்று. டோனரின் ஐந்தாவது கியர் 0.85 என்றால் 2320. அதே வண்டியில் 3.7 ஹவுசிங்கும் சேர்ந்தால் 2000-க்குக் கீழே இறங்கிவிடும். வெறும் வண்டிக்கு இது சுகம். தக்காளி ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேடு ஏறினால் ஐந்தாவது கியர் இருந்தும் இல்லாத மாதிரிதான். லோடு வண்டிக்குப் பழைய ஹவுசிங்கை வைத்துக்கொண்டு, டோனரின் ஐந்து கியர் பாக்ஸை மட்டும் எடுப்பது பெரும்பாலும் சரியாக வரும்.

டோனரைச் சோதிப்பது

காலையில் போங்கள், வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் முதலில் மேனிஃபோல்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்ஜின் குளிரில் எடுப்பதில்லை என்று விற்பவரே சொல்லிவிட்டார் என்று அர்த்தம். இன்னொரு நாள் வாருங்கள், இல்லை வேறு வண்டி பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள். துரு நிறம் பரவாயில்லை, ஆயில் படலம் கூடாது. அடியில் மஞ்சள் வண்டல் இருந்தால் ஒழுகலை அடைக்க மஞ்சள் பொடி போட்டிருக்கிறார்கள். ரேடியேட்டர் கணக்கில் சேராது. டிப் ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கெட்டியான புது ஆயிலாக இருந்தால் சத்தத்தையும் புகையையும் மறைக்க நேற்று ஊற்றியதாக இருக்கலாம். சந்தேகத்தோடு மேலே போங்கள்.

ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வாயின் மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தால், அல்லது புகை தொடர்ந்து குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல், டீசல் வாசனையும் இருந்தால் நாஸில் அல்லது கம்ப்ரஷன் பிரச்சினை. நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்புப் புகை ஓரளவுக்குச் சரிசெய்யக்கூடியது, அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். ரேடியேட்டர் தண்ணீரில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டிலேயே விரிசல்.

கம்ப்ரஷன் சோதனை இல்லாமல் பேரம் பேசாதீர்கள். பெட்ரோல் கேஜ் டீசலுக்கு உதவாது, உடைந்துவிடும். 1000 பி.எஸ்.ஐ. வரை காட்டும் டீசல் கேஜ் வேண்டும். இன்ஜினைச் சூடாக்கி, எல்லா க்ளோ பிளக்குகளையும் (இல்லாத டிஐ-யில் நாஸில்களை) கழற்றி, பம்ப் சொலினாய்டு வயரைப் பிரித்து, நல்ல பேட்டரியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்: பெரியதற்கும் சிறியதற்கும் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மேனுவலில் உள்ள எண் கடல் மட்டக் கணக்கு, பெங்களூரில் எல்லாமே அதைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். நாலும் சமமாகக் குறைந்திருந்தால் பதற வேண்டாம். காமன் ரயில் என்றால் கூடுதலாக ரிட்டர்ன் சோதனை: நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் நாலு சம பாட்டில்களில் விட்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் போனது. இன்ஜெக்டர் தலையில் உள்ள குறியீடுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஈசியூவில் அவை இருக்க வேண்டும்.

பிறகு ஓட்டுங்கள். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஒரே மிதி மிதித்தால் கிளட்ச் நழுவுகிறதா, இரண்டாவது கியரில் காலை எடுத்தால் தானாக நியூட்ரலுக்குத் தாவுகிறதா என்று தெரிந்துவிடும்.

மலிவாகக் கிடைக்கும் வண்டிகளில் பல வெள்ளத்தில் நின்றவை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யமலூர் பக்கம் முழுகியவையும், 2023 டிசம்பர் சென்னை மழையில் முழுகியவையும் இன்சூரன்ஸ் ஏலம் வழியாகச் சந்தைக்கு வந்தன. சீட்டின் அடியில் உள்ள போல்ட், டேஷ் போர்டின் உள்ளே, ஃப்யூஸ் பெட்டி மூலை ஆகிய இடங்களில் சேற்றுக் கோடு பாருங்கள். தண்ணீரை உறிஞ்சிய இன்ஜின் கனெக்டிங் ராடை வளைத்திருக்கும், ஓடும், ஆனால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாக நிற்கும். மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால் கம்ப்ரஷன் சரியாக வந்தால் எடுக்கலாம். காமன் ரயில் என்றால் சேற்றுக் கோடு பார்த்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள், வயரிங் இன்று இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும்.

பேரத்துக்கு முன் ஜே.சி. ரோட்டு உதிரி பாகக் கடைகளில் ஒரு சுற்று: அந்த இன்ஜினுக்கு ஃபுல் கேஸ்கெட் கிட், லைனர்-பிஸ்டன் செட், மெயின் பேரிங், கிளட்ச் செட் நாலுக்கும் விலை கேளுங்கள். இரண்டு கடையிலாவது கையில் சரக்கு இருக்க வேண்டும். “ஆர்டர் போட்டா வரும்” என்ற பதில் அந்த டோனருக்கு எதிரான ஓட்டு.

பேப்பர்

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் இரும்பில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தேய்த்து மறுபடி அடித்த தடம், சுற்றிலும் புது பெயின்ட் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். திருட்டு இன்ஜின் உங்கள் ஆர்.சி.யில் ஏற முடியாது, உங்கள் வீட்டுக்குப் போலீஸைத்தான் கொண்டுவரும். எம்-பரிவாகன் ஆப்பில் பைனான்ஸ் (எச்.பி.) பாக்கி, செலான், பிளாக்லிஸ்ட் மூன்றையும் பாருங்கள். எச்.பி. இருந்தால் பேங்க் என்.ஓ.சி. வராமல் முழுப்பணம் கொடுக்க வேண்டாம்.

டோனரின் ஆர்.சி.யை ரத்து செய்வது பதிவு உரிமையாளரின் வேலை, அதுவும் பதிவான ஆர்டிஓவில். வண்டி இனி ஓடாது என்றானதும் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 55 சொல்கிறது. டிஎன்-70 வண்டி என்றால் ரத்து செய்வது ஓசூர் ஆர்டிஓதான், கோரமங்களா இல்லை. பெயர் மாற்றிக்கொண்டு நீங்களே செய்யலாம், அல்லது விற்பவர் செய்து தருவதாக எழுதி வாங்கி, ஒரு தொகையை அது முடியும்வரை பிடித்து வைக்கலாம். பல கை மாறி, முதல் உரிமையாளர் எங்கே என்றே தெரியாத வண்டியை விட்டுவிடுங்கள். விற்பனை ரசீதில் இன்ஜின் நம்பர் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும், உங்கள் ஆர்.சி.யில் புது நம்பர் ஏற்ற அதைத்தான் கேட்பார்கள்.

பிரிக்கும்போது

ஸ்பேனர் வைப்பதற்கு முன் இன்ஜின் அறையை எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். ஒவ்வொரு வயர் சாக்கெட்டிலும் ஒட்டுத்தாளில் எண் எழுதி, அதே எண்ணை நோட்டிலும் எழுதுங்கள். வயரிங்கை வெட்டாமல் ஃபயர்வால் துளை வழியாக முழுதாக உருவுங்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் ஒன்றாகத் தூக்குங்கள், மவுண்டிங் பிராக்கெட்டுகளும் கிராஸ் மெம்பரும் அவற்றோடேயே வரட்டும். கிராஸ் மெம்பர் உங்கள் சேஸிஸுக்குப் பொருந்தாவிட்டாலும் வெல்டர் அதை வைத்துத்தான் கோணம் பிடிப்பார். கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஆக்சிலரேட்டர் பெடல், டெம்பரேச்சர்-ஆயில் மீட்டர்களை விட்டுவிடாதீர்கள். சின்ன சாமான்தான், தனியாகத் தேடினால் கிடைக்காது.

மீதமுள்ள பாடி, டயர், கதவு, கண்ணாடி இவற்றை விற்றால் டோனர் விலையில் ஒரு பகுதி திரும்பும். ஆனால் பிக்கப் ஸ்டார்ட் ஆகி, லோடோடு ஓடி, ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பர் ஏறும்வரை டோனரிலிருந்து ஒரு போல்ட்டும் விற்க வேண்டாம். சேஸிஸ் நம்பர் உள்ள பகுதியை யாருக்கும் தனியாகக் கொடுக்காதீர்கள். கூட்டைப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்து டெபாசிட் சான்றிதழ் வாங்க வேண்டும். இன்ஜின் இல்லாத வண்டியை எடுத்துக்கொள்வார்களா, என்னென்ன பாகம் இருந்தாக வேண்டும் என்பதை இன்ஜினைத் தூக்கிய பிறகு கேட்காமல், டோனருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த மையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.